மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

நமது பகுதியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் ஒரு வருஷமாக வாய் திறந்து பேசுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. ‘படிப்பு ஏறாத பையன்’ என்றார் வாத்தியார். ஆஸ்பத்திரியில் வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாட்டி கோடாங்கியிடம் கூட்டிப் போய்க் கயிறு கட்டினாள். கடன் வசூலிக்க வந்தவன் வாசலில் நின்று தாயை ஏசியதையும், இரவில் தகப்பன் குடித்துவிட்டு வந்து அவளை அடித்ததையும் அவன் தினம் பார்த்துக்கொண்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை.

நாமும் கேட்கவில்லை. கடன் விஷயமாக அதே வீட்டுக்கு மூன்று தடவை போனோம். மனு எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மூலையில் இருந்த பையன் நம் கண்ணில் படவில்லை. இந்தத் தவறை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கதைதானா? 2015-16-ல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நூறு பிள்ளைகளில் ஏழு பேர்!

காரணத்தை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அடி, அவமானம், வீட்டில் குடி, தாய் அடிபடுவது போன்ற கேடுகளில் நாலு அல்லது அதற்கு மேல் சிறு வயதில் அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களோ பெரும்பாலும் வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தினர். அங்கேயே இப்படி என்றால், அன்றாடக் கூலிக்கு அலையும் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இதைத் தலைவிதி என்று யாரும் எண்ண வேண்டாம். அன்போடு விசாரிக்கும் நிலையான ஒரு பெரியவர் துணை இருந்தாலே பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மாவட்டத் திட்டம் 1996-ல் வந்தது. 2017-ம் வருஷச் சட்டம் மனநல சிகிச்சையை உரிமை என்கிறது. குழந்தைகளுக்கான சேவையையும் அதில் சேர்த்திருக்கிறது. 2022-ல் 14416 என்ற தொலைபேசி எண்ணும் வந்தது. ஆனால் நடப்பது என்ன? அந்தப் பையனைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் செலவும் சேர்ந்தது. பையன் இரண்டொரு வார்த்தை பேசத் தொடங்கினான். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பெயரிலேயே ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல் இருக்கிறது. சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதாரப் போதனை என்று ஆறு சேவைகள். பிள்ளையின் மனசுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். ஆனால் சர்க்கார் அவரைக் ‘கௌரவ ஊழியர்’ என்கிறது. மத்திய சர்க்கார் 2018-ல் அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்த்தாலும் அது சம்பளமாகாது. பணிக்கொடை உண்டு என்று 2022-ல் சொல்வதற்கே சுப்ரீம் கோர்ட் வேண்டியிருந்தது!

ஆகவே நாம் கோருவது:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர், ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒரு குடும்பத்தை நாலு வாசலுக்கு அலையவிடக் கூடாது.

2. அங்கன்வாடி ஊழியருக்கு இதற்குப் பயிற்சியும் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். கூலியில்லாமல் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது.

3. சிகிச்சைக்கு வரும் தாயின் கூலி இழப்பையும் பஸ் செலவையும் ஈடுகட்ட வேண்டும். வீடு தேடி வந்து மிரட்டும் கடன் வசூலைத் தடுக்க வேண்டும். தகப்பனின் குடிக்கும் சிகிச்சை வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கையில் வெறும் புத்திமதி பிள்ளையைத் தேற்றாது.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. இனி எந்த வீட்டுக்கு மனுவோடு போனாலும், பிள்ளைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்போம். மூலையில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருவோம். அந்தத் தாயின் வீட்டுக்கு இந்த வாரம் நாம் மறுபடி போகிறோம்.