சாண்டர் எல்லாம் ஒன்று இல்லை

எங்கள் படிப்பகத்து மேசையில் பேனாவை வைத்தால் உருண்டு போய் நடுவில் நிற்கும். அங்கே ஒரு குழி இருக்கிறது. பலகை கிரவேலியா, குழி எங்கள் கைவேலை. வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால் பலகையை மழமழப்பாக்க வேண்டியிருந்தது. வட்டகொடை டவுனில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கிரைண்டரை இரவல் வாங்கி, சாண்ட் பேப்பர் டிஸ்க்கை மாட்டி ஓட்டினோம். பத்து நிமிசத்தில் வேலையும் முடிஞ்சது, மேசையும் முடிஞ்சது.

சின்ன கிரைண்டர் பெட்டியில் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்று போட்டிருக்கும். ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் பெட்டியில் 12,000 என்று இருக்கும். பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான் என்று தோன்றும். ஆனால் கிரைண்டரில் டிஸ்க்கே அத்தனை தடவை முழுதாகச் சுழல்கிறது. ஓரம் பட்டால் அரைவட்டக் கீறல் விழும், ஒரு கணம் ஒரே இடத்தில் நின்றால் குழி விழும், மரம் கருகும். மற்றதில் 12,000 என்பது தட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் அதிர்கிற கணக்கு. அதோடு தட்டு தன்பாட்டில் மெதுவாகச் சுற்றவும் செய்யும். ஒரே மணல் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாததால் கீறல் கண்ணில் படுவது குறைவு. அழுத்தக் கூடாது. அழுத்தினால் அந்தச் சுற்று நின்றுபோய் சுருள் சுருளாகத் தடம் விழும். மழைக்காலத்தில் இங்கே பலகை சரியாகக் காயாது, தாளில் தூள் அப்பிக்கொள்ளும். அப்போதுதான் எல்லாரும் இன்னும் அழுத்துவோம்!

பெல்ட் சாண்டர் வேறு ரகம். பட்டி நேராக ஓடும், மரத்தின் ரேகையோடு சேர்த்துத்தான் தள்ள வேண்டும். ஒட்டிய பலகைகளின் மேடுபள்ளம் எடுக்க, பழைய கதவைச் சுரண்ட அதுதான் சரி. மரத்தில் வைத்தபடி சுவிட்சைப் போட்டால் கையை இழுத்துக்கொண்டு ஓடும். சதுரத் தட்டுள்ள சின்ன சாண்டர் சுற்றவே சுற்றாது, அதிர மட்டும் செய்யும். அது மூலைக்குள் போகும், சாதாரணத் தாளை நாலாகக் கிழித்தே மாட்டலாம்.

‘வயித்துப்பாட்டுக்கே இல்லை, இதில மெசின் ரகம் வேற பார்க்கணுமா?’ என்று எங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவருக்குத்தான் எதை வாங்குவது என்பது தெரிய வேண்டும். எங்கள் கருத்தில் முதலில் ஐந்து அங்குல ரேண்டம் ஆர்பிட்டல். பெல்ட் சாண்டரை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக்கொண்டால் போதும்.

ஆனால் எங்களை இதை எழுத வைத்தது மேசை இல்லை, தூசி. கொழும்புக்குத் தளபாட வேலைக்குப் போகிற நம்ம பையன்களுக்கு முதல் நாள் கையில் கிடைப்பது சாண்டர்தான். அளக்கிறது, வெட்டுறது, பொருத்துறது எல்லாம் பாஸ். தேய்க்கிறது கையுதவி. ‘இதில படிக்க என்ன இருக்கு’ என்று சொல்லி ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே மெசினைக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டறையில் அதிகமாகத் தூசி தின்கிறவன் அவன்தான். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வருவது அது. தேயிலைக்கு நிழலாக நிற்கிற கிரவேலியாவின் தூள் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து அரிப்பெடுக்கும்.

மெசின்களின் வித்தியாசம் இங்கேயும் இருக்கிறது. ரேண்டம் ஆர்பிட்டலின் தட்டில் ஓட்டைகள் உண்டு. உள்ளே இருக்கிற விசிறி அந்த வழியாகத் தூளை இழுத்துப் பைக்குள் தள்ளும். தாளிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்தால்தான் அது நடக்கும். மலிவு என்று ஓட்டையில்லாத தாளை வாங்கி மாட்டினால் பை சும்மா தொங்கும். கிரைண்டரில் இந்தப் பை கிடையாது, எல்லாத் தூளும் முகத்துக்குத்தான். பை இருந்தாலும் நுண்ணிய தூள் தப்பி வரும், அதற்கு மாஸ்க் வேண்டும். லேஞ்சி கட்டினால் போதாது.

ஊருக்கு வந்த பையன்கள் லயத்து இஸ்தோப்பிலேயே மெசினைப் போட்டு ஸ்டூலும் அலுமாரியும் செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய விசயம்தான். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் காம்பராவில் குழந்தை தூங்குகிறது. பக்கத்து வீட்டு அடுப்பும் அங்கேதான். மெசினை வெளியே, காற்று வீடுகளை விட்டு விலகிப் போகிற பக்கம் கொண்டுபோக ஒரு நீள வயர் போதும். மழை பெய்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

வருகிற ஞாயிறு படிப்பகத்து மேசையை வெளியே எடுக்கிறோம். பெல்ட் சாண்டர் ஒன்று இரவலுக்குக் கிடைத்திருக்கிறது. குழி போக வேண்டுமென்றால் பலகை முழுவதையும் அதன் ஆழத்துக்கு இறக்க வேண்டும், அரை நாள் பிடிக்கும். பிறகு 80, 120, 180 என்று தாளை மாற்றி மாற்றித் தேய்க்கலாம். வாறவங்க மாஸ்க் கொண்டு வாங்க.