சுகமானதைச் சொல்லிக் கொண்டாடுவோம்

வங்காலையில் என் உம்மாவின் சிநேகிதி ஒருவர் இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அவர் சுகமானதும், அவருடைய கணவர் புனித ஆனாள் ஆலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அயலவர்களுக்கெல்லாம் சாப்பாடும் கொடுத்தார். "இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேணுமா?" என்று சிலர் கதைத்தார்கள். சொல்லத்தான் வேண்டும் என்கிறேன் நான்.

இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவது இந்தப் புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பும் அதிகம். ஆனால் அந்த அன்ரி வெட்கத்தால் பல மாதம் கட்டியை மறைத்திருந்தார். சொன்ன நாளிலிருந்து கணவர் கடலுக்குப் போவதைக் குறைத்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் வந்தார். அந்த வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

அய்யூப் நபியின் பொறுமையைப் பேசும் நாம், நோயிலும் அவரை விட்டுப் பிரியாத மனைவியையும் நினைவுகூருகிறோம். மனைவி நோயுற்றால் அதே பொறுமை கணவனுக்கும் கடமையல்லவா?

அல்ஹம்துலில்லாஹ் என்று வீட்டுக்குள் சொல்வது ஷுக்ர். வெளியே சொன்னால் அது இன்னொரு பெண்ணின் வெட்கத்தைப் போக்கும். அன்று சாப்பிட்டு வந்த உம்மா, அடுத்த வாரமே சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனார். 35 வயதைக் கடந்த தாய்மாரே, நீங்களும் போங்கள். வாப்பாமாரே, நீங்களே கூட்டிப் போங்கள்.