தடை எப்போது நியாயமாகும்?

விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து குடிமக்களுக்கு அளிக்கிறது. ஆயினும், கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யலாகாதென 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. விசைத்தறிக்கு ஏனைய ரகங்கள் எஞ்சின, வழக்காடவும் வழியிருந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் வழி வருதல், பொதுநலம் நாடுதல், தேவைக்கு மேற்செல்லாமை, நீதிமன்ற விசாரணைக்கு உட்படுதல் ஆகிய நான்கும் இருப்பின் தடை நியாயமாகும். நெருக்கடி நிலையில், 1976-இல், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டோருக்கு நீதிமன்றக் கதவே அடைபட்டது. அதன் பின்னரே, உயிருரிமையை நெருக்கடியிலும் நிறுத்தி வைக்கலாகாதென 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் விதித்தது.

நமக்குப் பயன்தரும் தடையையும் நம்மீது விழும் தடையையும் ஒரே படிக்கல்லால் நிறுப்பதே நேர்மை.