இருநிறம் என்னும் சொல்லும் வலம்புரிச் சங்கும்

கித்துல்கலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம் கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், சென்ற தவணையில் ஒரு சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு எம்மிடம் வந்தான். 'வட்ட இருநிறத் தன்மை' என்பது அச்சொல். அமினோ அமிலங்களைப் பற்றிய கட்டுரையொன்றிற் கண்டானாம். "சேர், ரெண்டு நிறம்னா எந்த ரெண்டு நிறம்?" என்று வினவினான். சொல் தமிழாயிருத்தலின் பொருளும் தமிழாசிரியருக்குத் தெரியும் என்று எண்ணினான் போலும்! யாம் அறிந்திலோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் பத்திரம் அத்துணைத் தூரம் செல்வதன்று. விஞ்ஞான ஆசிரியரையும் நூல்களையும் நாடி அறிந்தவற்றையும், அவற்றால் எம் உள்ளத்து எழுந்த கருத்தொன்றையும் இம்மலரில் எழுதத் துணிகின்றோம்.

புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் இருபது. அவற்றுள் கிளைசீன் ஒன்று நீங்கலாக ஏனையவை யாவும் இடக்கையும் வலக்கையும் போல இருவேறு வடிவங்களில் அமையக்கூடியன. உயிர்களின் புரதங்களிலோ 'எல்' எனப்படும் ஒரு வடிவமே வழங்குகின்றது. ஒளியையும் திருகுபோல் வலமாகவோ இடமாகவோ சுழன்று செல்லுமாறு ஆக்கலாம். அவ்விருவகை ஒளியையும் அமினோ அமிலக் கரைசலினூடு மாறிமாறிச் செலுத்தினால், ஒன்றனைச் சற்றுக் கூடுதலாகவும் மற்றதனைச் சற்றுக் குறைவாகவும் அது உறிஞ்சும். அந்த வேறுபாட்டை அளப்பதே இம்முறை.

வேறுபாடு மிகச் சிறிது. உறிஞ்சப்படும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, அல்லது அதனினும் கீழ். அதுவும் 200 நனோமீற்றரை அண்டிய ஊதாக்கடந்த ஒளியில் நிகழ்வது. எம் கண்ணோ ஏறக்குறைய 400 முதல் 700 வரையே காணும். சாதாரணக் கண்ணாடி அவ்வொளியை மறித்துவிடுமாதலின் படிகக்கல்லாலான கலம் வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசனும் அதனை உறிஞ்சுமாதலின் கருவியினுள் நைதரசனை ஓடவிட வேண்டும். இத்தனையும் செய்து வரையப்பெறும் கோடு, எல்-அலனினுக்கு மேல்நோக்கி எழுமிடத்தில் அதன் மறுவடிவத்துக்குக் கீழ்நோக்கி இறங்கும். இரண்டும் சமமாய்க் கலந்தால் கோடு படுத்துவிடும்.

இதில் நிறம் எங்கே? இரத்தினபுரி மாணிக்க வணிகரைக் கேட்டால் விடை கிடைக்கும். நீலக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர், ஒரு திசையில் ஊதா சார்ந்த நீலத்தையும் பிறிதொரு திசையில் பசுமை சார்ந்த நீலத்தையும் காண்பர். 'இருநிறம்' என்னும் பெயர் இத்தகைய கற்களுக்கு முற்றும் பொருந்தும். 1895-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டு எமே கொட்டன் என்பார் நிறமுள்ள உலோகக் கரைசல்களில் இடவல ஒளிகளின் உறிஞ்சல் வேறுபடுதலைக் கண்டபோது, கல்லின் பெயர் கரைசலுக்கும் வந்தது. நிறமற்ற அமினோ அமிலத்துக்கும் அதுவே தொடர்ந்தது. மேலைமொழியார் செய்த இடமாற்றத்தை நாமும் எழுத்துக்கு எழுத்து பெயர்த்துக்கொண்டோம். மாணவன் இல்லாத நிறத்தைத் தேடி அலைகின்றான்.

தமிழில் வலம்புரி, இடம்புரி என்னும் சொற்கள் இருக்கின்றன. வலம்புரி ஒளி, இடம்புரி ஒளி என்று சொன்ன அளவில் அம்மாணவனின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். 'இடவல உறிஞ்சல் வேற்றுமை' என்று இதனை வழங்கலாம் என்பது எம் கருத்து. கலைச்சொல்லை ஆளுக்கொன்றாய் மாற்றினால் பரீட்சை எழுதும் பிள்ளையே இடர்ப்படுவான் என்பர் சிலர். அது மெய்யே. ஆகவே அகராதிச் சொல் அகராதியில் இருக்கட்டும்; வகுப்பறையில் பொருள் முன்னும் சொல் பின்னும் வருக என்றே கேட்கின்றோம்.

எம் சொல்லிலும் இடறல் உண்டு. நாம் பூசையில் வைக்கும் வலம்புரிச் சங்கை விலங்கியலார் இடம்புரி என்பர்! அவர் கூர்முனையை மேலாகவும் நாம் கீழாகவும் பிடிப்பதே காரணம். சங்கு மாறவில்லை. எல்-அலனினும் இவ்வாறே; பெயரில் இடம் இருப்பினும் நீரிற் கரைந்தால் ஒளித்தளத்தைச் சிறிது வலப்புறமே திருப்பும். 'எல்' என்பது அமைப்பைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே. ஆதலின் அமிலத்துக்கு இடம்புரிப் பெயர் சூட்டுதல் கூடாது. ஒளிக்கே அப்பெயர் உரியது.

இவை எட்டாத மேலைநாட்டுச் செய்திகள் என்று எவரும் கருதற்க. காலியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்ற சிறில் பொன்னம்பெரும அவர்கள், 1969-இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லை ஆராய்ந்த குழுவினருள் ஒருவர். அதில் இருவடிவ அமினோ அமிலங்களும் ஏறக்குறையச் சமமாய் இருந்தமையை 1970-இல் அவர்கள் வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது வேறு முறை. 1997-இல், அக்கல்லின் சில அமினோ அமிலங்களில் 'எல்' வடிவம் மிகுந்திருப்பதாக வேறு ஆய்வாளர் கண்டனர். விண்வெளியில் ஒருபுறமாய்ச் சுழன்ற ஊதாக்கடந்த ஒளி மற்றைய வடிவத்தை மிகுதியாய் அழித்திருக்கலாம் என்பது ஒரு கொள்கை, முடிந்த முடிபன்று. அதனை ஆராய வேண்டுவதும் மேற்கூறிய அளவீடே.

தமிழில் விஞ்ஞானம் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் ஊர்விட்டே செல்லவேண்டியுள்ளது. சென்ற இடத்திலும் சொல்லே மதிலாய் நின்றால் அவன் என் செய்வான்? அளவீட்டுக் கருவியோ பெருவிலையினது. அதனை யாம் கேட்கவில்லை. முனைவாக்கும் தாள்கள் இரண்டு, கண்ணாடிக் குழாய், சீனிக் கரைசல், கைவிளக்கு ஆகியன போதும். ஒளித்தளம் திரும்புதலை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அது இவ்வுறிஞ்சல் வேற்றுமைக்கு உடன்பிறப்பு. பழைய மாணவருள் மருத்துவராயும் பொறியியலாளராயும் விளங்குவோர், தவணைக்கு ஒரு சனிக்கிழமை வந்து, தமிழாசிரியரோடு அமர்ந்து, இத்தகைய சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதித் தருவாராக. யூபிலி வளைவுக்குத் திரட்டும் நிதியில் வாயிற்கதவின் வண்ணப்பூச்சுக்கு ஆகும் தொகையே இதற்குப் போதுமானது.