ஒப்புக்குச் சப்பாணி யாரும் இல்லை!



"கம்ப்யூட்டர் கேம்ஸ் பத்தி சுவர் இதழ்ல எழுத என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது! பட்டன் தட்டுவதைப் பற்றி நான் எழுத வரவில்லை. பெரிய போட்டிகளில் ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பாதிக்குப் பெயர் 'டிராஃப்ட்'. நம்ம பாஷையில் சொன்னால், ஆள் பிரிக்கிறது.

பி.டி. பீரியடில் நாமும் தினமும் ஆள் பிரிக்கிறோம். ரெண்டு கேப்டன் நிற்பார்கள். நல்லா ஆடுறவன் முதலில் போவான். கேப்டனோட ஃப்ரெண்டு அடுத்துப் போவான். கடைசியில் ரெண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். "ஏலே, நீ ஒப்புக்குச் சப்பாணி, ஓரமா நில்லு" என்று முடித்துவிடுவோம்.

இது நியாயம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயிக்கிறதுக்கும் இது உதவாது என்பதுதான் என் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

உலகப் போட்டியில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு அணிக்கு 5 பேர். 160-க்கும் மேற்பட்ட வீரர் பாத்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் அதில் ஒன்றை எடுத்து ஆட வேண்டும். முதலில் ரெண்டு அணியும் மாறி மாறி மூன்று மூன்று பாத்திரங்களைத் தடை செய்யும். "இது உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று அர்த்தம். பிறகு எடுக்க ஆரம்பிப்பார்கள். முதல் அணி 1, அடுத்த அணி 2, மறுபடி முதல் அணி 2, அடுத்த அணி 1. அப்புறம் இன்னும் ரெண்டு ரெண்டு தடை. அதற்குப் பிறகு மிச்சத்தை எடுப்பார்கள்.

கவனியுங்கள்! முதலில் எடுக்கிறவனுக்கு ஒன்றுதான், அடுத்தவனுக்கு ரெண்டு. முதலில் எடுக்கிறது லாபம் என்பதால் அதை இப்படிச் சரிக்கட்டுகிறார்கள். நாம் 'ஒண்ணுக்கு ஒண்ணு' எடுக்கிறோமே, அதைவிட இது நியாயம்.

இன்னொரு விஷயம். கடைசியாக எடுக்கிறவன் எதிரணியின் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு எடுக்கிறான். அவர்களுக்கு எதிராக யார் சரிப்படுவார் என்று தெரிந்தே எடுக்கிறான். அதனால் கடைசி இடம் அங்கே மிச்சம் மீதி இல்லை, ஒரு ஆயுதம்! நம்ம மைதானத்தில் கடைசி ஆள் என்றால் கேலி.

நல்லவன் ஐந்து பேர் போதுமா?

போதாது. அடிக்கிறவன் மட்டும் ஐந்து பேர் இருந்தால் அடி வாங்கித் தாங்குவது யார்? நம்ம ஊரில் இதைச் சொல்ல ஒரு வரி போதும். தோணியில் எல்லோரும் தண்டல் ஆகிவிட்டால் பாய் ஏற்றுவது யார்?

டோட்டா 2 என்ற விளையாட்டின் உலகப் போட்டி 2019-இல் ஷாங்காய் நகரில் நடந்தது. பரிசுத் தொகை மொத்தம் 3 கோடி டாலருக்கும் மேல். அதில் 'ஐயோ' என்று ஒரு பாத்திரம் (பெயரே அப்படித்தான்!). அது வெறும் ஒளி உருண்டை. கூட்டாளியோடு ஒரு கயிறு மாதிரி தன்னைக் கட்டிக்கொண்டு அவனுக்கு உதவும். எல்லோரும் அதை உதவி ஆளாகத்தான் வைத்திருந்தார்கள். ஓஜி என்ற அணியில் 'ஆனா' என்ற பெயரில் ஆடிய ஆஸ்திரேலிய இளைஞர் அதையே முக்கிய அடிக்கிற ஆளாக வைத்து ஆடினார். எதிரணிகள் திணறின. ஓஜி கோப்பையை ரெண்டாவது முறையாக, அதுவும் அடுத்தடுத்து, வென்றது. ஒருத்தனை 'இவன் இதுக்குத்தான்' என்று முத்திரை குத்துகிறோமே, அது எவ்வளவு தப்பு!

2025-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் ஒரு புது விதி இருந்தது. ஒரு தொடரில் ஒருமுறை ஆடிய பாத்திரத்தை அந்தத் தொடர் முடியும்வரை யாரும் மறுபடி எடுக்க முடியாது. சீனாவின் செங்டு நகரில் நடந்த இறுதிப் போட்டி ஐந்தாவது ஆட்டம் வரை போனது. அதற்குள் 40 பாத்திரங்கள் தீர்ந்துவிட்டன. ஒரே வித்தையை வைத்து ஒப்பேற்றுகிறவன் அங்கே நிற்கவே முடியாது. பல வேலை தெரிந்த டி1 அணி 3-2 என்று ஜெயித்தது.

நம்ம நாட்டுக்கு இதில் என்ன?

2022 ஆகஸ்டில் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் மொயின் இஜாஸ் தலைமையிலான இந்திய டோட்டா 2 அணி நியூசிலாந்தை வென்று வெண்கலம் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதல்முறையாக இதற்குப் பதக்கம் உண்டு என்றார்கள். நம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணி காலிறுதி வரை போய் வியட்நாமிடம் 0-2 என்று தோற்றது. வியட்நாமில் பல வருடமாகத் தொழில்முறை லீக் நடக்கிறது. பலவிதமான ஆட்களோடு மோதி மோதித்தான் பலவிதமாகப் பிரிக்கத் தெரியும். பழகாமல் வராது.

"போன் நோண்டுறதுக்கு இது ஒரு சாக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். காசு கட்டி ஆடும் சூதாட்டம் வேறு, இது வேறு. 2025-இல் வந்த சட்டமே ரெண்டையும் பிரித்து, பண ஆட்டத்தைத் தடை செய்திருக்கிறது. ஆனால் என் கருத்துக்குப் போனே தேவையில்லை. டிராஃப்ட் படிக்க ஒரு பேப்பரும் பேனாவும் போதும். ஆடிப் பார்க்க நம்ம கபடி மைதானம் போதும்.

கபடியில் களத்தில் 7 பேர். ஏழு பேரும் ரெய்டு போகிறவர்கள் என்றால் பிடிப்பது யார்? ரெண்டு கார்னர் வேண்டும், அவர்களுக்குத் துணையாகக் கவர் வேண்டும். கார்னர் காலைப் பிடிக்கும்போது கவர் வந்து சாத்தவில்லை என்றால் பிடி நழுவிவிடும். கபடியில் தடையும் இருக்கிறது! எதிரணியின் நல்ல ரெய்டரைப் பிடித்து வெளியே உட்கார வைத்தால், அவன் திரும்ப உள்ளே வரும்வரை அதுதானே தடை? அதைச் செய்கிறவன் ஓரமாக நிற்கிற கார்னர்காரன். பாயிண்டு எடுத்தவனுக்குக் கைதட்டுகிறோம், இவன் பெயர்கூட நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

நம் மாவட்டத்து மணத்திக் கிராமத்திலிருந்து போன கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் இருந்தார். சின்ன ஊர்தானே என்று அன்றைக்கு யாரும் அவரை ஓரமாக நிறுத்தியிருந்தால்?

இந்தக் கடற்கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதற்கு ஆள் சேர்த்த விதத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்குள் போகிறவர் ஒருவர், மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவர் ஒருவர். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்களாம். தன் அக்கா தங்கச்சி வாழ்க்கை அந்தக் கயிற்றில் இருக்கிறதே, கை தளருமா? பலசாலி யார் என்று பார்க்கவில்லை. இந்த வேலைக்குப் பொருத்தம் யார் என்று பார்த்தார்கள். முத்து எடுத்தவருக்குத்தான் பெயர். ஆனால் கயிறு பிடித்தவர் இல்லை என்றால் முத்தும் இல்லை, ஆளும் இல்லை.

என் யோசனைகள்

1. ஆள் பிரிக்கும் முன் இடங்களை எழுதுவோம். பெயர்களைப் பிறகு எழுதுவோம். "யார் நல்லவன்?" என்று கேட்காமல் "இந்த இடத்துக்கு யார்?" என்று கேட்போம்.

2. ஒன்று, ரெண்டு, ரெண்டு என்ற வரிசையில் கூப்பிடுவோம்.

3. ஒவ்வொருவரும் ரெண்டு இடம் பழகுவோம்.

4. வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு விதி. முதல் பாதியில் ரெய்டு போனவன் ரெண்டாம் பாதியில் போகக்கூடாது. அப்போது தெரியும், ஓரத்தில் நின்றவனுக்குள் என்ன இருக்கிறது என்று.

5. கடைசியாகக் கூப்பிடுகிறவனிடம் கேப்டன் அவனுடைய வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மக்கா, அவங்க ரைட் சைடுதான் அதிகம் வர்றாங்க, நீ அங்க நில்லு" என்று சொன்னால் போதும். அவன் அன்றைக்கு ஆடுகிற ஆட்டமே வேறு.

வேலை கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, "இவனுக்கு ஆடத் தெரியாது" என்று சொல்வது நம் தப்பு, அவன் தப்பு இல்லை. கேப்டன்மார்களே, வருகிற வாரமே ஒருமுறை செய்து பாருங்கள். தோற்றால் என்னிடம் சண்டைக்கு வாருங்கள். ஜெயித்தால் கடைசியாகக் கூப்பிட்டவனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவன்