சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தால், கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. கல்யாண வீடுகளில் அவர்களைப் பெற்றவர்களைப் பார்த்ததும் நாம் தரும் இலவச அறிவுரை ஒன்று இருக்கிறது. "உடம்பு போட்டுக்கிட்டே போறான், ஒரே சோம்பேறித்தனம். ஜிம்முல சேர்த்து விடுங்க." இந்தப் பேச்சைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இது சோம்பல் இல்லை. செய்ய வேண்டும் என்று தெரியும், ஆசையும் இருக்கும். ஆனாலும் செய்துகொண்டிருப்பதை விட்டு இன்னொன்றைத் தொடங்குவது ஆட்டிசம் உள்ள பலருக்கு மலையைப் புரட்டுகிற வேலை. சிலருக்குத் தாகமும் களைப்பும் சரியாகத் தெரியாது. சிலருக்குப் பந்தைப் பிடிக்கக் கண்ணும் கையும் ஒத்துழைக்காது.

நீங்கள் சொல்லும் ஜிம்மை நினைத்துப் பாருங்கள். காதைப் பிளக்கும் பாட்டு, கண்ணைக் கூசும் விளக்கு, வியர்வை நாற்றம், கையைத் தொட்டுத் திருத்தும் முன்பின் தெரியாத ஆள். நமக்கு அது தொந்தரவு, அவர்களில் பலருக்குச் சித்திரவதை. "வரமாட்டேன்" என்பது தன்னைக் காத்துக்கொள்வது.

பள்ளிக்கூடமும் தப்பவில்லை. விளையாட்டு பீரியட் என்றால் விசில், கூச்சல், அணி பிரிக்கும்போது யாரும் கூப்பிடாமல் நிற்கும் ஒரு பிள்ளை. தப்பு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு, தோப்புக்கரணம் போடு. உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, வளர்ந்த பிறகு ஆர்வம் இல்லையே என்றால் எங்கிருந்து வரும்?

2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 13 மணி நேரத்தில் கடலில் நீந்தி வந்தார். பெருமையான செய்தி. ஆனால் "அந்தப் பொண்ணு செய்யலையா?" என்று அதையே சாட்டையாக்காதீர்கள். அவருக்கு நீச்சல் ஒத்துவந்தது, பெற்றோர் கூடவே நின்றார்கள். நம் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று நாம் என்றாவது தேடினோமா?

என் தங்கை பேரனுக்குப் பேருந்து என்றால் உயிர். "வாக்கிங் போ" என்றால் நகரமாட்டான். மாலை ஐந்தரைக்குப் பேருந்து நிலையம் வரை நடப்பது, இருபது வண்டிகளின் எண்ணை நோட்டில் எழுதுவது, திரும்புவது என்று ஏற்பாடு செய்தார்கள். இப்போது மழை பெய்தாலும் கிளம்பிவிடுகிறான். வீட்டில் இருப்பவர்கள்தான் குடை தேடுகிறார்கள்.

தினமும் அதே நேரம், அதே வழி. எவ்வளவு தூரம், எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து சுற்று என்றால் பத்துதான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஏமாற்றினால் நாளைக்கு நம்பமாட்டார்கள். உறுத்தாத உடை போடட்டும். சத்தம் தாங்காதென்றால் காதை மூடிக்கொள்ளட்டும். போதும் என்றால் போதும். வயது வந்தவர் என்றால் அவரையே கேளுங்கள், அவர் தலைக்கு மேல் அம்மாவிடம் பேசாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல், மாற்றுத்திறன் உள்ள பெரியவர்களுக்கும் வாரம் 150 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைத்தது. சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வதும் நல்லது என்று அதுவே சொல்கிறது. பத்து நிமிடத்தில் தொடங்கினால் குறைந்துவிடமாட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 விளையாட்டில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்கிறது. ஒலிபெருக்கி இல்லாத ஒரு மணி நேரத்தையாவது நம் ஊர்ப் பூங்காவில் கேட்டு வாங்குங்கள். என் மாணவர்களில் கவுன்சிலர்களும் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த முறை அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, "உனக்கு எது பிடிக்கும்? நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஐந்தரை என்றால் ஐந்தரை. ஐந்து நாற்பதுக்கு வந்து சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்