மாடு மேய்ச்சவன் ஊர்வலம்

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தாண்டா லாயக்கு." இந்த வசவைக் கேட்காமல் பள்ளிக்கூடம் தாண்டிய சேரிப்பிள்ளை யார்? வசவு என்றா நினைக்கிறீர்கள்? அது ஒரு சட்டம். 1931இல் இராமநாதபுரம் பகுதிக் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீதும் தேவேந்திரர் மீதும் 11 தடைகள் போட்டார்கள். அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கக்கூடாது. மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். மாப்பிள்ளை தாலி கட்டுமுன் குதிரையேறி ஊர்வலம் போகும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் தூக்கிப் போக வேண்டும். வண்டிவாகனம் எதற்குமே கூடாது.

மாட்டுக்குப் பின்னால் நடக்கலாம், குதிரைமேல் உட்காரக் கூடாது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயலா? இன்னொன்றையும் கவனியுங்கள் தோழர்களே. பழக்கத்தை நிறுத்து என்றால் அந்தப் பழக்கம் இருந்தது என்றுதானே பொருள்? நம்மாள் குதிரையேறினான் என்பதற்கு ஆதிக்கச் சாதி தன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டது.

கடல் தாண்டியும் இதே கதைதான். கௌபாய் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் டூரிங் டாக்கீஸில் பார்த்த வெள்ளைக்காரன். டெக்ஸாஸ் பண்ணைகளில் அடிமைகளாக மாடு பார்த்த கறுப்பர்கள், 1865இல் விடுதலையான பிறகு கூலிக்கு மந்தை ஓட்டினார்கள். கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு. ஹாலிவுட் அவர்களைத் துடைத்தெறிந்தது. ஓடும் காளையைக் குதிரையிலிருந்து பாய்ந்து மடக்கும் வித்தையைப் பிரபலமாக்கிய பில் பிக்கெட் 1870இல் பிறந்தவர், கறுப்பர். 1994இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை போட நினைத்தது. அச்சடித்ததோ அவர் தம்பியின் முகம்! பிறகு திரும்பப் பெற்று மாற்றினார்கள். நம் வரலாற்றை நாம் சொல்லாவிட்டால், மரியாதை செய்ய வருகிறவனும் தப்பான முகத்தைத்தான் ஒட்டுவான்.

ஓக்லாந்து நகரத்துக் கறுப்பர்கள் அஞ்சல்துறைக்காகக் காத்திருக்கவில்லை. 1970களிலேயே அக்டோபர் மாதத்தில் குதிரையேறித் தங்கள் தெருக்களில் ஊர்வலம் போகத் தொடங்கிவிட்டார்கள். தாத்தாவின் தொப்பியைப் பேரன் போட்டுக்கொண்டு போகிற ஊர்வலம் அது. யாரிடமும் அங்கீகாரம் கேட்கும் மனு அல்ல.

நம்மிடம் குதிரை வீரன் இல்லையா? மதுரைவீரன் இருக்கிறான். சேரிக்குச் சேரி மீசையும் அரிவாளுமாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கதையில் அவனை ராஜா பெற்ற பிள்ளையாக்கி, சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று திருத்திவிட்டார்கள். நம் வீரத்துக்கும் அரண்மனையிலிருந்து ரத்தம் கடன் வாங்க வேண்டுமாம். இதுவும் தப்பான முகம் ஒட்டிய தபால்தலைதான்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "மாடு மேய்ச்சது அடிமைத்தனம். அதைப் போய்க் கொண்டாடுவதா?" நியாயமான கேள்வி. பறையைத் தூக்கியெறிவதா, எடுத்தடிப்பதா என்று நமக்குள் நடந்த விவாதமும் இதுதான். என் பதில்: பண்ணையடிமை முறையைக் கொண்டாடவில்லை. அந்தக் கொடுமைக்குள்ளும் நம்மவர்கள் சேர்த்துவைத்த அறிவைக் கொண்டாடுகிறோம். பல்லைப் பார்த்து வயசு சொல்வது, கன்று தலைமாறிக் கிடந்தால் கைவிட்டுத் திருப்பி எடுப்பது, கோமாரி கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவது. இதெல்லாம் எந்தக் கல்லூரி சொல்லித் தந்தது?

நான் வங்கியில் எழுத்தர். கறவைமாட்டுக் கடன் மனுவில் "முன் அனுபவம்" என்று ஒரு கட்டம் உண்டு. முப்பது வருஷம் ஊரான் மாட்டை மேய்ச்ச பெரியவர், "ஒண்ணுமில்ல, எழுதிக்க சாமி" என்கிறார். சாமி என்று கூப்பிடாதீங்க பெரியப்பா என்றால் சிரிக்கிறார். மாடு அவர் பெயரில் இல்லாததால் அனுபவமும் அவர் பெயரில் இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் ஊர்வலம் வேண்டும் என்கிறேன்.

2017இல் மெரினாவில் காளை தமிழர் அடையாளம் ஆனது. சரி. அந்தக் காளைக்குப் புல்லறுத்தவன், சாணியள்ளியவன், செத்தால் தூக்கிப் போட்டவன் எவனுடைய அடையாளம்? 2025 பிப்ரவரியில், பழைய இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சிவகங்கை மாவட்டத்தில், மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காகத் தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியதாக வழக்கு. குதிரை புல்லட்டாக மாறியிருக்கிறது. 1931இன் பட்டியல் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஏலாக்குறிச்சி ஊர்வலம் அறியாத ஊரல்ல. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயில் தேருக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்தும் சனம் திரளும். மாட்டுப் பொங்கலன்று இன்னொரு ஊர்வலமும் போகட்டும். பறை முன்னே, மாடு மேய்ச்ச கிழவன்களும் கிழவிகளும் குதிரை வண்டியில், பேரப்பிள்ளைகள் குதிரைமேல். தட்டியில் இரண்டே கோரிக்கை: எங்கள் பெயரில் மாடு, ஆக்கிரமித்த மேய்ச்சல் புறம்போக்கு ஊர்ப்பொதுவுக்கு. ஆட்டமும் கோரிக்கையும் சேர்ந்து போனால்தான் அது வேடிக்கையாக முடியாது.

மார்கழியிலேயே கூடிப் பேசுவோம். குதிரை வாடகைக்கு என் பங்கு 500 ரூபாய்.